நெல் மேல் நிற்கிற டயர்

என் வண்டியின் பின் டயர் தேய்ந்து போயிருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஊரில் எந்தப் பசுவுக்கு எப்போது பருவம் வரும் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறவளுக்கு, தன் வண்டி டயரில் கோடு இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் போகுமா? தெரியும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த நாளை மூன்று மாதம் இழுத்தது.

நான் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். உத்திரமேரூரைச் சுற்றி இருபது ஊர்களுக்குப் போகிறேன். விடிந்தால் மானாம்பதியிலிருந்து ஒரு போன், சோற்றில் கை வைத்தால் மாகறல் பக்கத்திலிருந்து ஒரு போன். "டாக்டரம்மா, மாடு கத்துது" என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். மாடு கத்த ஆரம்பித்த அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். தவறவிட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அத்தனை நாளும் மாட்டுக்காரர்களுக்கு நஷ்டம். அதனால் என் தொழிலில் பாதி ஊசி, பாதி வண்டி.

வண்டி பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள். செகண்ட் ஹேண்டில் வாங்கி என்னிடம் வந்தே பதினோரு வருடம் ஆகிறது. பொம்பளைக்கு எதற்கு கியர் வண்டி, ஸ்கூட்டி வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஸ்கூட்டியின் சின்னச் சக்கரத்தோடு ஏரிக்கரைப் பள்ளங்களில் ஒரு நாள் போய் வந்தவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். பின்னால் கேரியரில், விந்துக் குச்சிகள் உறைந்து கிடக்கிற நைட்ரஜன் கேனை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு, மழையிலும் சேற்றிலும் நான் போய் வருவது அந்தப் பெரிய சக்கரங்களால்தான். வண்டியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இது திமிர் என்றால் திமிர்தான்.

என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இளவட்டமாக இருந்தபோது கூட்டாளியின் மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார். வண்டி நேராக ஏரி வாய்க்காலில் இறங்கிவிட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்த மனுஷன், அதற்குப் பிறகு சைக்கிளோடு நிறுத்திக்கொண்டார். ஒன்றரை ஏக்கர் நிலம் பார்க்கிறவருக்கு சைக்கிள் போதும். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் நான் கேனை இறக்கி வைத்துவிட்டு ஓட்டுவேன், அவர் பின்னால் உட்கார்ந்து வருவார். ஆரம்பத்தில் ஊர் சிரித்தது. டீக்கடையில் ஒருவர் நேராகவே கேட்டாராம், பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து போகிறாயே என்று. "ஓட்ற பேஜாரு அவளுக்கு, ஏரியப் பாத்துக்கினு போற சொகம் எனக்கு" என்று இவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் பேசி முடிக்கவே நேரம் பத்தாது என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் வண்டியில் ஏறினால் பேசுவார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, என் முதுகைப் பார்த்தபடி, மடை அடைத்தது, பயிரில் புகையான் விழுந்தது, தங்கச்சி வீட்டில் மனஸ்தாபம் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வருவார். எனக்கு ஓட்டுகிற வேலை இருக்கிறதல்லவா, குறுக்கே பேச முடியாது. எங்கள் குடும்பத்தின் பெரிய முடிவுகளெல்லாம் ஊருக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் எடுக்கப்பட்டவைதான்.

பொங்கலுக்கு முன்பு அவர் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை பின் டயரைக் கால் விரலால் தொட்டுக் காட்டி, "மாத்திரும்மே" என்றார். என் வண்டி எனக்குத் தெரியும் என்றேன்.

தை மாதம். எங்கள் ஊர் முழுக்க ஒரே வாரத்தில் அறுப்பு மெஷின் வந்து இறங்கியது. நான் பகல் வெளிச்சத்தில் வீட்டைப் பார்த்தே பல நாள் ஆகியிருந்த சமயம் அது. நெல்லை அறுத்து, காய வைத்து, மூட்டை கட்டியது எல்லாம் அவர் ஒருவரே. விற்பதற்கு எடுத்து வைத்தது போக வீட்டுக்கென்று ஐந்து மூட்டை நிறுத்தினார். மறுநாள் வெள்ளிக்கிழமை, உத்திரமேரூரில் அவருடைய அக்கா மகளுக்கு வளைகாப்பு. எனக்கு மத்தியானத்துக்குள் திரும்பி ஒரு மாட்டைப் பார்க்க வேண்டும். வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து ஏறினார்.

எங்கள் பக்கத்தில் ரோட்டில் நெல் காய வைக்காத வீடு கிடையாது. மெஷினில் அறுத்த நெல் ஈரமாக வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர்க் களம் எல்லாருக்கும் போதாது. தார் ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டு நெல்லைப் பரப்பி, ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். வண்டிக்காரர்கள் கல்லைப் பார்த்து மிச்சப் பாதியில் போவார்கள். நெல்லை அள்ளும்போது கல்லையும் எடுத்துவிட்டு, துடைப்பம் போட்டு ரோட்டைப் பெருக்கிவிட வேண்டும். கல் இருந்தால் நெல் இருக்கலாம், கல் இல்லாவிட்டால் நெல் இருக்கக் கூடாது. எழுதி வைக்காத சட்டம், எல்லாருக்கும் தெரியும்.

ஏரிக்கரையை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில் அன்றைக்குக் கல் இல்லை. நெல் இருந்தது. நெருங்கும்வரை தெரியவில்லை. வளைவுக்காக வண்டியைச் சாய்த்த கணத்தில் பின் சக்கரம் என்னைக் கேட்காமல் வெளியே போனது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எனக்கு முழங்கால் தோல் போனது, அவ்வளவுதான். அவர் வலது கையை ஊன்றி விழுந்திருந்தார். எழுந்து மைல் கல்லில் உட்கார்ந்து மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை இருந்த கோணத்தைப் பார்த்ததும் எலும்பு உடைந்துவிட்டது என்று தெரிந்தது.

பக்கத்து வயலிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வண்டியை நிமிர்த்திய ஆள் பின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, டயரு இப்டி மொட்டையா கீது" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தை உதவ வந்த ஆள் மேல் காட்ட முடியாதே, நெல் மேல் காட்டினேன். ரோட்டின் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏரியின் அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். பெருக்கத் துப்பில்லாதவனுக்கு எதற்கு விவசாயம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம்.

"இந்த நெல்லு எவன் வூட்டுல சோறா வேவுதோ, அவனுக்கு அது தொண்டையில எறங்காது. பாத்துக்கினே இருங்க."

மூன்று தடவை சொன்னேன். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நெல்லைக் காலால் ஓரம் தள்ளினார்கள். என் கணவர் மணிக்கட்டைப் பிடித்தபடி முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலி என்று நினைத்தேன்.

கையில் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் என்றார்கள். அந்த ஆறு வாரமும் அவர் எங்கே போனாலும் பஸ்ஸில் போனார். கட்டோடு வண்டியில் ஏற முடியாது, நியாயம்தான். சாப்பாட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. புது அரிசி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். புது அரிசி சிலருக்கு மந்தம் செய்யும், அதனால் நானும் கேள்வி கேட்கவில்லை. எனக்குப் புது நெல்லின் சோறு, அவருக்கு ரேஷன் அரிசி என்று இரண்டு உலை வைத்தேன். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம்போலச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நான் அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் நெல் கொட்டினவனைத் திட்டிக்கொண்டே போனேன், வீட்டுக்கு வந்தும் திட்டினேன். கோபத்தை ஆற வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கட்டு பிரித்த பிறகு அவர் என் பின்னால் ஏறுவாரா என்பதுதான் அது. அவர் மூன்று தடவை சொல்லியும் நான் கேட்காத டயர் அது. என் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அந்த வளைவில் என்னோடு சேர்ந்து விழுந்துவிட்டதா? விழுந்திருந்தால் தூக்கி நிறுத்த வேண்டியது நான்தான். கட்டு பிரிக்கிற நாளுக்குள் இந்த வண்டிக்கு, இந்தத் தாலுக்காவிலேயே இல்லாத டயர் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டயர் விற்று, மாட்டியும் தருகிறவன் என்னோடு அரசுப் பள்ளியில் படித்தவன். எட்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதி என்னோடு சேர்ந்து அடி வாங்கியவன். அதனால் அவனுக்கு மரியாதை கொடுக்க எனக்கு வராது, அவனுக்கும் வராது. நான் என்ன வேண்டும் என்பதைச் சொன்னேன். நெல் மேல் வழுக்காத டயர்.

"நெல்லு மேல எந்த டயரும் நிக்காது. போய் வேற வேல இருந்தா பாரு" என்றான்.

அவனை நம்பவில்லை. மறுநாள் வீட்டு மூட்டையைப் பிரித்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நெல்லை அள்ளினேன். எதற்கு என்று என் கணவர் கேட்டார். கடையில் தரையில் போட்டு டயரைத் தேய்த்துப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொழுவத்துப் பக்கம் எழுந்து போய்விட்டார். என் பைத்தியக்காரத்தனத்தைச் சகிக்க முடியாமல் போகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கடையின் சிமெண்டுத் தரையில் நெல்லைக் கொட்டிப் பரப்பினேன். என் வண்டி அளவுக்குப் பொருந்துகிற டயர்களை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, நிமிர்த்தி, மேலிருந்து இரண்டு கையாலும் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கூடிவிட்டார்கள். டாக்டரம்மா டயருக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். நான் கூச்சப்படுகிறவளாக இருந்திருந்தால், முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு பத்துப் பேர் நடுவில் மாட்டுக்குப் பின்னால் நிற்கிற இந்தத் தொழிலுக்கு வந்திருப்பேனா?

முதலில் அவன் காட்டியது அகலமான டயர். இளவட்டங்கள் இப்போது அதைத்தான் கேட்கிறார்களாம், பார்வையாக இருக்குமாம். என் வண்டியின் ரிம் ஒல்லி. ஒல்லி ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அது ஓரம் சுருங்கி நடுவில் புடைத்துக்கொள்ளும், ரோட்டில் படுவது கொஞ்சம்தான். போதாததற்கு செயின் கவரிலும் உரசும். அதை ஒதுக்கினேன். அடுத்தது பல வருடம் உழைக்கும் என்று எடுத்துப் போட்டான். நகத்தால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. தேயாத டயர் பிடிக்கவும் பிடிக்காது. ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். எனக்கு உழைப்பு முக்கியமில்லை, பிடிப்புதான் முக்கியம் என்றேன். மூன்றாவதாக ஒன்று பார்க்க லட்சணமாக இருந்தது. மாட்டுக்குப் பல்லைப் பிடித்து வயசு பார்க்கிறவள் டயருக்குப் பார்க்காமல் விடுவேனா? பக்கவாட்டில் நான்கு எண்கள் அச்சடித்திருக்கும், முதல் இரண்டு எண் தயாரித்த வாரம், பின் இரண்டு எண் வருடம். புதுசு என்று அவன் காட்டிய டயர் ஐந்து வருடமாகக் கடை உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. படித்துக் காட்டியதும் பழைய நோட்டு விவகாரம் ஞாபகம் வந்த மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தான்.

கடைசியில் பின் சக்கரத்துக்குக் கட்டம் கட்டமாக வெட்டி, நடுவில் ஆழமான பள்ளம் ஓடுகிற, தயாரித்து மூன்று மாதம்கூட ஆகாத ஒன்றை எடுத்தேன். நெல்லும் மண்ணும் அந்தப் பள்ளத்தில் ஒதுங்க இடம் உண்டு. முன் சக்கரத்துக்கு நீளவாக்கில் கோடு போட்டது. அதுதான் திருப்பினால் சொன்ன பேச்சு கேட்கும். பழைய ட்யூபையே போடலாம் என்றவனைப் பார்த்த பார்வையில் அவனே புது ட்யூபை எடுத்து வைத்தான். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள், அது சரியாக மாட்டப்பட்டதா என்று குனிந்து பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஆள் ஏறினால் டயர் அமுங்கக் கூடாது என்று கல்லாகக் காற்றடித்துக்கொள்வார்கள். நான் பின்னால் ஒரு ஆள் ஏறுகிற அளவுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் அடிக்கச் சொன்னேன். பின்னால் ஏறப்போகிற ஆளின் எடை எனக்குத் தெரியும். ஒரு மூட்டை நெல்லுக்குக் கொஞ்சம் குறைவு.

கிளம்பும்போது அவன் தரையிலிருந்த நெல்லைப் பெருக்கிப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தான். நெல் மேல் எல்லாமே வழுக்கியது, நான் எடுத்தது கொஞ்சம் குறைவாக வழுக்கியது, அவ்வளவுதான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜெயித்தவள் மாதிரிதான் வண்டியில் ஏறினேன்.

புது டயருக்கு மேலே ஒரு வழவழப்பு இருக்கும். அது தேயும்வரை வண்டியைச் சாய்த்துத் திருப்பக் கூடாது. பத்து நாள் மாகறலுக்கும் மானாம்பதிக்கும் பொறுமையாக ஓட்டி ரப்பரைப் பக்குவப்படுத்தினேன். பழகிய கன்றுக்குட்டி மாதிரி வண்டி கூடவே வந்தது. இனி எனக்குப் பயமில்லை என்று தோன்றியது.

மாசிக் கடைசியில் கட்டு பிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி முற்றத்தில் நிறுத்தி அவரைக் கூப்பிட்டேன். அவர் குந்தி உட்கார்ந்து, அடிபடாத கையின் பெருவிரலால் டயரின் பள்ளத்தை அழுத்திப் பார்த்தார். நல்ல டயர் என்றார். உண்மையாகத்தான் சொன்னார். நாளைக்கு உத்திரமேரூரில் விதை நெல் வாங்கணும் என்றீர்களே, காலையில் போகலாமா என்று கேட்டேன்.

"நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பு தானாகக் கீழே விழுந்தது. தாலுக்கா முழுக்கத் தேடிப் பொறுக்கியது யாருக்காக என்றேன். இன்னும் என்ன டயர் வேண்டும், ட்ராக்டர் டயரா என்றேன். அவர் டயரின் பள்ளத்தில் விரலை ஓட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"மூணு வாட்டி சொன்னீங்க, நான் கேக்கல. மொட்ட டயருல உங்கள ஏத்திக்கினு போனேன். தப்பு என்னுதுதான். என் மேல நம்பிக்க இல்லன்னா அத வாயத் தொறந்து சொல்லிடுங்க."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. டயரிலிருந்த கையையும் எடுக்கவில்லை.

"டயருல ஒண்ணும் இல்லம்மே. அந்த நெல்லு நம்ம நெல்லு."

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். களத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்த வளைவில் இரண்டு நாள் காய வைத்திருக்கிறார். வியாழக்கிழமை சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்திருக்கிறது. ட்ராக்டர்க்காரர் அவசரப்படுத்தியிருக்கிறார். மூட்டைகளை ஏற்றிவிட்டு, கல்லைக் காலால் தள்ளிவிட்டு, விடிந்ததும் போய்ப் பெருக்கிவிடலாம் என்று வந்துவிட்டார். விடிந்ததும் துடைப்பத்தைக் கையில் எடுத்திருக்கிறார். நான் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். வண்டியில் ஏறிப் பேச ஆரம்பித்ததும் அவருக்கு நெல் ஞாபகமே போய்விட்டிருக்கிறது.

"நீ அங்க நின்னு அந்த வார்த்தைய வுட்ட. அப்பால அந்தச் சோத்த எடுத்து வாயில வெச்சா காதுல அதுதான் கேக்குது. வண்டில குந்திக்கினு வந்தா அந்த எடத்துல நீ மறுபடியும் திட்டுவ. பின்னாடி குந்தி நான் எப்டிக் கேட்டுக்கினு வர்றது?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். ஆறு வாரம் இரண்டு உலை வைத்திருக்கிறேன். அப்புறம்தான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. அந்த நெல்லின் சோற்றை நான் மூன்று வேளையும் ருசித்துத் தின்றிருக்கிறேன். அந்த நெல்லையே பாட்டிலில் அள்ளிக்கொண்டு போய், கொட்டினவனைத் திட்டிக்கொண்டே டயரைத் தேய்த்திருக்கிறேன். இந்த மனுஷன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு, தன் பெண்டாட்டி இட்ட சாபத்தைத் தலையில் சுமந்துகொண்டு, அதே வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தேன். வளைவு வரைக்கும் வாங்க என்றேன். ஏறமாட்டேன், நடந்து வருகிறேன் என்றார். சரி, நடங்க. அவர் ரோட்டோரமாக நடக்க, நான் முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு பக்கத்திலேயே ஓட்டினேன். எதிரில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெண் வண்டி ரிப்பேரா என்று கேட்டாள். இல்லை, ஆள்தான் ரிப்பேர் என்றேன். அவர் உதட்டோரத்தில் சிரித்ததைப் பார்த்துவிட்டேன்.

வளைவில் வெயில் சாய்ந்து ஏரித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. ரோடு துடைத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் அவர் தள்ளிவிட்ட கற்கள் அப்படியே கிடந்தன. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, அன்றைக்கு இடுப்பில் கை வைத்து நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். செருப்பைக் கழற்றினேன். கோயிலிலேயே அரைகுறையாகக் கும்பிடுகிறவள் நான். தார் ரோட்டைப் பார்த்து இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு மூன்று தடவை சொன்னதால் இன்றைக்கும் மூன்று தடவை.

"நான் வுட்ட வார்த்தைய நானே எடுத்துக்கினேன். இந்த நெல்லு எங்க வூட்டு நெல்லு. எங்க வூட்டு ஆளு நல்லா துன்னட்டும்."

சத்தமாகத்தான் சொன்னேன். அன்றைக்கு எவ்வளவு சத்தமோ அவ்வளவு. திரும்பிப் பார்த்தால் அவர் மைல் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஏறுங்க என்று சொல்லவில்லை. டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

பின் சீட்டு அமுங்கியது. காற்று சரியாகத்தான் இருந்தது. கிளட்சை விடப் போகும்போது முதுகுக்குப் பின்னால் அவர் பேச ஆரம்பித்தார்.

"சோறு கீதா வூட்ல? பசிக்குது."